வெட்டிய கிளப், அளந்த கிளப்: 14 ஆண்டு கழித்து கோல்ஃபுக்குத் திரும்பும்போது எதற்குப் பணம் கொடுப்பது?

"மேடம், கீழே எதையோ தொலைச்சிட்டுத் தேடுற மாதிரி நிக்கிறீங்க" என்றார், என் பேக்கைத் தூக்கி வந்த கேடி. நந்தனம் மைதானத்தில், 14 ஆண்டு கழித்து நான் ஆடிய முதல் சுற்று அது. நான்கு ஹோல் முடிவதற்குள், அடித்ததில் ஆறு பந்து வலப்பக்கம் போயிருந்தது. ஸ்விங் (கிளப்பைச் சுழற்றி அடிக்கும் விதம்) துருப்பிடித்திருக்கிறது, போகப்போகச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்விங்கைப் பார்க்கவே இல்லை. பந்துக்கு முன்னால் நான் நின்ற விதத்தைத்தான் பார்த்தார்.

என் கிளப்புகளுக்கு, அதாவது கோல்ஃப் மட்டைகளுக்கு, ஒரு கதை உண்டு. 2003-இல் ஆடத் தொடங்கியபோது அண்ணனின் பழைய செட் எனக்கு வந்தது. பெண்களுக்கு ஒரு அங்குலம் குறைய வேண்டும் என்று யாரோ சொல்ல, எல்லா ஐயன்களிலும் (இரும்புத்தலை கிளப்புகள்) கைப்பிடிப் பக்கம் ஒரு அங்குலத்தை அறுத்து, கிரிப் மாற்றிக் கொடுத்தார்கள். என் உயரம் 5 அடி 7 அங்குலம். அதை யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எட்டு ஆண்டு அதோடுதான் ஆடினேன். 2011-இல் வேலை மாற்றம், இரண்டு குழந்தைகள், அப்புறம் ஒரு தோள்வலி. பேக் பரணுக்குப் போய்விட்டது.

திரும்பி வந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கூட ஆடுகிற தோழி புது செட் வாங்கு என்றாள். கோச் முதலில் பத்து வகுப்பு, கிளப்பைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். கடைக்காரர் ஃபிட்டிங் செய்யாமல் ஒன்றும் வாங்காதீர்கள் என்றார் (அவரே ஃபிட்டிங்கும் செய்கிறவர்). வீட்டில், இருக்கிறதை வைத்து ஆடினால் என்ன என்று கேட்டார்கள். நால்வர் சொன்னதிலும் பாதி பாதி உண்மை இருந்ததுதான் தொல்லை. மூன்று மாதம் ஒவ்வொரு வழியையும் விசாரித்தும் சிலதைச் செய்தும் பார்த்தேன்.

எனக்குப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிட்டிங் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று உடம்புக்கு அளவெடுப்பது: கிளப்பின் நீளம், லை என்கிற தண்டுக் கோணம், கிரிப்பின் பருமன். இன்னொன்று ஸ்விங்குக்கு அளவெடுப்பது: ஷாஃப்டின் (தண்டின்) எடையும் விறைப்பும், லாஃப்ட் (முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்), தலையின் வடிவம். நம் உயரமும் கையின் நீளமும் அடுத்த மாதம் மாறப்போவதில்லை. ஸ்விங் அப்படியல்ல. நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஆடவந்தவருக்கு அது வாரத்துக்கு வாரம் வேறு. முதல் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது, இரண்டாவதை அவசரப்படுத்தக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில், அதுவும் திரும்பிய முதல் மாதத்தில் செய்கிறவர்கள்தான் ஆறு மாதத்தில் செட்டை விற்பனைக்குப் போடுகிறார்கள்.

வெட்டியதை ஒட்டலாம்

பழைய செட்டைச் சரிசெய்வது மலிவான வழி என்பதால் அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. திரும்பி வருகிற பெரும்பாலானவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

லை என்பது கிளப்பின் அடிப்பாகம் தரையில் சரியாகப் படிந்திருக்கும்போது தண்டுக்கும் தரைக்கும் இடையே உள்ள கோணம். அது நமக்குப் பொருந்தாவிட்டால், அடிக்கிற நொடியில் ஒன்று தலையின் நுனி தரையைக் குத்தும், அல்லது நுனி தூக்கி நிற்க, தண்டை ஒட்டிய ஹீல் குத்தும். வலக்கை ஆட்டக்காரருக்கு நுனி குத்தினால், பந்தில் படும் முகம் வலப்பக்கம் பார்க்கும், ஹீல் குத்தினால் இடப்பக்கம். லாஃப்ட் கூடக்கூட இந்தக் கோளாறும் கூடும். அதனால் லாஃப்ட் குறைந்த, தூரம் அடிக்கும் டிரைவரில் லை கொஞ்சம் பிசகினால் அவ்வளவாகத் தெரியாது. லாஃப்ட் அதிகமான, கிட்டத்து அடிக்கான வெட்ஜில், குழி இருக்கும் கிரீனையே தவறவிடுவோம்.

நீளத்தை அரை அங்குலம் குறைத்தால், ஆடுகிறவருக்கு அந்த கிளப் ஏறத்தாழ ஒரு டிகிரி தட்டையாகிவிடும். என் கிளப்பில் அறுத்தது ஒரு அங்குலம். இரண்டு டிகிரி அங்கேயே போய்விட்டது. அதோடு தண்டு சற்று விறைப்பாகும், தலையின் கனம் கையில் தெரியாமல் போகும். கையில் தெரியும் அந்தக் கனத்துக்கான ஸ்விங்வெயிட் கணக்கில் அரை அங்குலத்துக்குச் சுமார் மூன்று புள்ளி. ஆக எட்டு ஆண்டு நான் ஆடியது தட்டையான, விறைத்த, தலை கனமில்லாத ஒரு குச்சியோடு. பந்து வலப்பக்கம் போனபோதெல்லாம் "உங்களுக்கு ஸ்லைஸ் இருக்கு" என்று சொல்லி, மணிக்கட்டைத் திருப்பச் சொல்லிக்கொடுத்தார்கள். திருப்பித் திருப்பி முழங்கை வலித்ததுதான் மிச்சம்.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் தேவையில்லை. ஒரு தடித்த மார்க்கர் போதும். பந்தில் நேர்க்குத்தாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு கிளப்முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். கோடு முகத்தில் பதியும். பதிந்த கோடு முகத்திலுள்ள பள்ளக்கோடுகளுக்குச் செங்குத்தாக இருந்தால் லை சரி. மேல்முனை ஹீல் பக்கம் சாய்ந்தால் கிளப் உங்களுக்குத் தட்டை, நுனிப் பக்கம் சாய்ந்தால் நிமிர்வு அதிகம். ஓர் அடியை வைத்து முடிவு கட்டாதீர்கள், பத்துப் பந்தாவது அடித்துப் பாருங்கள். என் 7 ஐயனில் பத்தில் எட்டு ஹீல் பக்கம் சாய்ந்தன. கேடி ஒரு பார்வையில் சொன்னதை நான் அரை மணி நேரம் செலவழித்து உறுதிசெய்துகொண்டேன்.

வெட்டிய தண்டை ஒட்ட முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தண்டின் மேல்முனைக்குள் ஒரு நீட்டிப்புத் துண்டைச் செருகி, எபாக்ஸி பசை வைத்து, மேலே புது கிரிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு அங்குலம் வரை தயங்காமல் செய்யலாம். நீளம் திரும்பியதும் லையும் பெரும்பாலும் திரும்பிவிடும். மீதியை வளைத்துச் சரிசெய்யலாம். ஃபோர்ஜ் செய்த மென்மையான கார்பன் ஸ்டீல் தலை எளிதாக வளையும். வார்த்தெடுத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முரண்டு பிடிக்கும், அதிகம் வளைத்தால் உடையவும் கூடும். ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வார்ப்புத் தலையை வளைக்க ஒப்புக்கொள்ளாத மெக்கானிக் நல்ல மெக்கானிக்.

எங்கள் ஊர் சமாசாரம் ஒன்று. சென்னைப் பரணில் கிடந்த பேக்கை இறக்கியதும் ரேஞ்சுக்கு (பயிற்சித் திடலுக்கு) போய்விடாதீர்கள். கிரிப் ரப்பர் வெயிலின் சூட்டில் கெட்டியாகிப் பளபளவென்று இருக்கும். வேர்வைக் கையில் அது சோப்புக்கட்டிதான். தலையைத் தண்டோடு சேர்க்கும் எபாக்ஸியும் வெப்பத்தில் தளரும். தலையைப் பிடித்து லேசாகத் திருகிப் பாருங்கள். டக் டக் என்ற சத்தமோ சிறு அசைவோ இருந்தால், ஸ்விங்கின் நடுவில் தலை பறக்கப்போகிறது என்று பொருள். ஸ்டீல் தண்டில் கிரிப்புக்கு அடியில்தான் கடற்காற்றின் துரு ஒளிந்திருக்கும். பழைய கிரிப்பைக் கிழித்தால் தெரிந்துவிடும். என்னுடையதில் ஒரு 5 ஐயன் அப்படிப் போயிற்று.

கிரிப் பருமனையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பிடித்த நிலையில் இடது கையின் நடு இரண்டு விரல்களின் நுனி உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். விரல் உள்ளங்கையில் அழுந்தினால் கிரிப் மெலிது, தொடாமலே நின்றால் தடிமன். மூட்டுவலி தொடங்கிய கைகளுக்கு மிட்சைஸ் நிம்மதி தரும். அது வழக்கமான அளவைவிட பதினாறில் ஒரு அங்குலம் தடிமன். இவ்வளவு சிறிய வித்தியாசம் கைக்குத் தெரியுமா என்று கேட்டால், முதல் பந்திலேயே தெரியும்.

சரி, இந்த வழியால் ஆகாதது என்ன? தண்டின் எடை குறையாது. என் அண்ணனின் ஐயன்களில் இருந்தது 130 கிராமை ஒட்டிய ஸ்டீல். 40 வயதுக்கு மேல், தோளில் பழைய வலியோடு, வாரம் இரண்டு முறை அதைச் சுற்றுவது வீரமில்லை. கிராஃபைட் தண்டு 60, 70 கிராமிலேயே கிடைக்கிறது. முழங்கையோ தோளோ பிரச்சினை என்றால் பழைய ஸ்டீல் செட்டில் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

புதிதும், கைமாறியதும்

அலமாரியில் நிற்கிற புது செட் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேக்கோடு வரும் பாக்ஸ் செட் முதல்முறை ஆடுகிறவருக்குப் பரவாயில்லை. எட்டு ஆண்டு ஆடிவிட்டு வருகிறவருக்கு ஓராண்டில் அலுத்துவிடும். "லேடீஸ் செட்" என்பது தனி நகைச்சுவை. ஒரு கடையில் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "மேடத்துக்கு எல் ஷாஃப்ட்" என்று, விறைப்புக் குறைந்த தண்டுள்ள செட்டை எடுத்து நீட்டினார்கள். ஆண்கள் செட்டைவிட ஒரு அங்குலம் குட்டை. 2003-இல் அறுத்த அதே ஒரு அங்குலம், இந்த முறை தொழிற்சாலையிலேயே அறுத்து வந்திருக்கிறது. எல்.பி.ஜி.ஏ. என்ற தொழில்முறைப் பெண்கள் தொடரின் ஆட்டக்காரிகளின் டிரைவர் வேகச் சராசரி மணிக்கு 95 மைலை ஒட்டியது. வார இறுதியில் ஆடும் சாதாரண ஆண்களின் சராசரியும் 93 மைல் அளவில்தான். தண்டை வேகம் பார்த்துத் தர வேண்டும். பேக்கின் நிறம் பார்த்துத் தருகிறார்கள்.

புது ஐயன் வாங்கும் முன் திரும்பி வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வித்தை உண்டு. தோழி தன் புது 7 ஐயனைக் கொடுத்து அடிக்கச் சொன்னாள். பந்து என்னுடையதைவிடப் பதினைந்து கஜம் கூடுதலாகப் போயிற்று. தொழில்நுட்பம் என்று வாய்பிளந்தேன். அப்புறம் பார்த்தால் அவளுடைய 7 ஐயனின் லாஃப்ட் 29 டிகிரி, என்னுடையது 35. ஐயனில் எண் குறையக் குறைய லாஃப்ட் குறையும், தூரம் கூடும். என் பேக்கில் 29-ஐ ஒட்டி இருப்பது 5 ஐயன். கிட்டத்தட்ட 5 ஐயனை எடுத்து, அடியில் 7 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதில் முழு ஏமாற்று ஒன்றும் இல்லை. தலையின் கனத்தைக் கீழே இறக்கியிருப்பதால் அந்தக் குறைந்த லாஃப்டிலும் பந்து உயரமாகவே எழுகிறது. ஆனால் எண்ணை வைத்துத் தூரத்தை ஒப்பிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். லாஃப்டை லாஃப்டோடு ஒப்பிடுங்கள்.

இந்த வித்தை வேறோர் இடத்தில் இடிக்கும். முன்பு பிட்சிங் வெட்ஜ் 48 டிகிரியை ஒட்டி இருந்தது. இப்போதைய செட்டுகளில் 43, 44. புது ஐயன் வாங்கிவிட்டு, பேக்கில் பழைய 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் அப்படியே இருந்தால், நடுவில் 12 டிகிரி பள்ளம். கிளப்புக்குக் கிளப் நான்கு, ஐந்து டிகிரி இடைவெளி இருந்தால்தான் தூரம் படிப்படியாக வரும். பள்ளத்தை நிரப்ப 49, 50-இல் ஒரு வெட்ஜ் கூடுதலாக வாங்க வேண்டும். செட் விலையோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். பேக்கில் 14-க்கு மேல் வைக்கக் கூடாது என்ற விதி 1930-களின் இறுதியிலிருந்து மாறவில்லை. ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுக்க வேண்டிவரும். 3 ஐயனையும் 4 ஐயனையும் கண்ணீரில்லாமல் எடுத்துவிடலாம். அவற்றின் இடத்தில் ஹைபிரிட் என்கிற கலப்பு கிளப் போதும்.

கைமாறிய கிளப்பில் எனக்கு நம்பிக்கை உண்டு, குறிப்பாக டிரைவரில். தலையின் பருமனுக்கு 460 கன சென்டிமீட்டர் என்ற உச்சவரம்பு 2004-இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு தலை பெரிதாகவில்லை. முகத்தின் ஓரத்தில் பட்டாலும் தலை திரும்பாமல் பந்து ஓரளவு நேராகப் போவதுதான் ஆண்டுக்காண்டு தேறிவருகிறது. அதைவிட நமக்கு உதவுவது, தலையைக் கழற்றித் திருப்பி மாட்டி லாஃப்டைக் கூட்டிக் குறைக்கிற வசதி. 2009-ஐ ஒட்டி வரத் தொடங்கியது, இப்போது ஏறக்குறைய எல்லா டிரைவரிலும் இருக்கிறது. நான்கைந்து ஆண்டு பழைய டிரைவர் புதிதின் பாதி விலைக்குள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். ஸ்விங் மாறமாறத் திருகிக்கொள்ளலாம் என்பதால் ஃபிட்டிங்குக்கு முன் தைரியமாக வாங்கத்தக்க ஒரே கிளப் அது. வெட்ஜை மட்டும் கைமாறி வாங்காதீர்கள். பள்ளக்கோடு தேய்ந்த வெட்ஜில் பந்து நிற்காது.

போலி கிளப்புகளும் சந்தையில் சுற்றுகின்றன. ஹோசலில் (தண்டு செருகும் கழுத்தில்) பொறித்த வரிசை எண்ணை அந்த நிறுவனத்திடமே கேட்டுச் சரிபார்க்கலாம். விற்பவர் அதைப் படம் எடுத்து அனுப்பத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அளந்து தருகிறவர்கள்

ஃபிட்டிங்கில் மூன்று தினுசு. உயரத்தையும், நின்ற நிலையில் மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள தூரத்தையும் இணையத்தில் கொடுத்தால் நீளமும் லையும் சொல்லிவிடுவது ஒன்று. உடம்பு அளவுக்கு நல்ல தொடக்கம், ஸ்விங்கைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவது, ஒரு நிறுவனம் ரேஞ்சுக்கே வந்து தன் கிளப்புகளை மட்டும் வைத்து நடத்தும் ஃபிட்டிங் நாள். மூன்றாவது, பல நிறுவனங்களின் தலையும் தண்டும் வைத்திருக்கும் தனி ஃபிட்டர்.

இந்தத் தொழிலின் வரலாற்றில் ஒரு நிறுவனத்துக்குத் தனி இடம் உண்டு. பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் பொறியாளர். ஐயன்களில் சின்ன வண்ணப் புள்ளி வைத்து லையைக் குறிக்கும் முறையை 1970-களில் கொண்டுவந்தவர்கள் அவர்கள். கறுப்பு நடுநிலை, சிவப்பு தட்டை, நீலம் நிமிர்வு. கைமாறிய பிங் செட் வாங்குகிறவருக்கு அது பெரிய வசதி, புள்ளியைப் பார்த்தே உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடலாம். பச்சைப் புள்ளி செட்டை, மலிவு என்பதற்காகக் குட்டையானவர் வாங்கி அவதிப்பட்டதை ரேஞ்சிலேயே பார்த்திருக்கிறேன்.

நிறுவன ஃபிட்டிங் நாள் பெரும்பாலும் இலவசம் அல்லது கட்டணம் குறைவு, செட் வாங்கினால் அதையும் கழித்துவிடுகிறார்கள். ஒரே கடையின் புடவைகளுக்குள் தேர்ந்தெடுப்பது போலத்தான். உங்களுக்குப் பொருந்தாததை "இது உங்களுக்கு வேண்டாம், எதிர்க் கடைக்குப் போங்கள்" என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அங்கே புல்லிலிருந்து அடிக்க வாய்ப்பு கிடைக்கும். தனி ஃபிட்டரிடம் பெரும்பாலும் அறைக்குள், பாயின் மேல். தரையை முன்கூட்டியே அடித்தாலும் பாயில் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும். நாம் நன்றாக அடிப்பதாக, அடியை அளக்கும் மெஷின் சொல்லும். லை சோதனையும் பாயில் ஏமாற்றும். இதைக் கேட்டதற்கு என் ஃபிட்டர் சிரித்துவிட்டு, லை மட்டும் வெளியே பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதனாலேயே அவர்மேல் மரியாதை வந்தது.

திரும்பிய இரண்டாவது வாரத்தில் அவரிடம் முதல்முறை போனேன். டிரைவர் வேகம் 66 மைல். எல் ஷாஃப்ட், 13 டிகிரி என்றார். வாங்கவில்லை. பதினொன்றாவது வாரம் மறுபடி போனபோது 74. தண்டு ஒரு படி விறைப்புக்கு மாறியது, எடையும் மாறியது, தலையே வேறு. ஒரே ஆள், ஒரே ஃபிட்டர், நடுவில் ஒன்பது வாரம். முதல் நாளே சரி என்றிருந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து யாரோ ஒருத்திக்கு செட் வாங்கியிருப்பேன். விறைப்பைக் குறிக்க ஷாஃப்டில் எழுதியிருக்கும் எல், ஏ, ஆர், எஸ் எழுத்துகளுக்கு எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஒருவருடைய ஆர் இன்னொருவருடைய ஏ-யாக இருக்கலாம். எழுத்தைக் கேட்டு வாங்க முடியாது, அடித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

மெஷினில் வரும் எண்கள் இருபதுக்கு மேல். எல்லாவற்றையும் பார்த்தால் தலைசுற்றும். பந்து வேகத்தைக் கிளப் வேகத்தால் வகுத்த ஸ்மாஷ் ஃபேக்டர் ஒன்று. டிரைவரில் அதன் உச்சம் 1.5 அளவு. நடுமுகத்தில் படுகிறதா என்பதை அது சொல்லிவிடும். ஐயனில் பந்து இறங்கும் கோணம் இன்னொன்று. 45 டிகிரியை ஒட்டிச் செங்குத்தாக இறங்கினால் கிரீனில் நிற்கும், 35-இல் இறங்கினால் ஓடிவிடும். தூரம் காட்டுகிற புது ஐயன்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். மூன்றாவதாக, பந்துகள் எவ்வளவு பரவி விழுகின்றன என்ற படம். நான் மூன்று தண்டுகளில் அடித்ததில் அதிகத் தூரம் போனது ஒன்று, கூட்டமாக விழுந்தது வேறொன்று. ஃபிட்டர் முதலாவதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். நான் இரண்டாவதைக் குறித்துக்கொண்டேன். விற்கிறவருக்கு உங்கள் சிறந்த அடி வேண்டும். மைதானத்தில் உங்களுக்கு வாய்ப்பது சுமாரான அடி.

போகும்போது உங்கள் பழைய 7 ஐயனைக் கட்டாயம் கொண்டுபோங்கள். முதல் பத்துப் பந்து அதில் அடித்தால்தான் புதிதை ஒப்பிட ஓர் அடித்தளம் இருக்கும். ரேஞ்ச் பந்தில் அளக்காமல் நீங்கள் ஆடுகிற பந்திலேயே அளக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: ஊட்டியிலோ கொடைக்கானலிலோ விடுமுறையில் ஆடிவிட்டு வந்து அந்தத் தூரத்தைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று லேசு, பந்து எல்லோருக்கும் கூடுதலாகவே போகும். நான் சொல்லி அவமானப்பட்டிருக்கிறேன்.

வகுப்பு முதலிலா, கிளப் முதலிலா? கோச் சொன்னது பாதி சரி. ஸ்விங் நிலைக்கு வராமல் ஷாஃப்ட் பார்ப்பது வீண். ஆனால் பொருந்தாத நீளத்திலும் லையிலும் வகுப்பு போனால், கிளப்பின் கோளாறுக்கு ஈடுகட்டுவதையே பழகிக்கொள்வோம். நான் எட்டு ஆண்டு மணிக்கட்டைத் திருப்பியதைப் போல. அளவு, வகுப்பு, அப்புறம் ஃபிட்டிங் என்ற வரிசையில் போனால் கோச் சொன்னதும் கடைக்காரர் சொன்னதும் சரியாகிவிடும்.

யாருக்கு எது

ஐந்தாறு ஆண்டுதான் விட்டிருந்தீர்கள், செட் உங்கள் அளவுக்கு வாங்கியது, உடம்பில் வலி இல்லை என்றால் கிரிப் மட்டும் மாற்றிக்கொண்டு ஆடுங்கள். 2019-க்கு முன்பே விட்டவர்களுக்கு மாறியிருப்பது கிளப்பைவிட விதிகள்தான். விதிப்படி பந்தை எடுத்துக் கீழே விடும்போது, 2019-இலிருந்து தோளிலிருந்து விடக் கூடாது, முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும்.

மாதம் ஒருமுறை மட்டும் ஆடப்போகிறவருக்குத் தனி ஃபிட்டர் வேண்டாம் என்பேன். ஸ்விங் நிலைக்கு வராது, அளந்ததும் நிலைக்காது. இணைய அளவில் நீளமும் லையும் தெரிந்துகொண்டு, அதற்குப் பக்கத்தில் வருகிற கைமாறிய கிராஃபைட் செட் போதும். தோள், முழங்கை, முதுகு என்று ஏதாவது ஒன்றுக்காக விட்டவர்கள் நேர்மாறு. அவர்கள் பழைய ஸ்டீல் செட்டைப் பார்க்கவே வேண்டாம். லேசான கிராஃபைட்டை இரவல் வாங்கியாவது இரண்டு மாதம் ஆடிவிட்டு ஃபிட்டிங்குக்குப் போகலாம். மிக உயரமானவரும், மிகக் குள்ளமானவரும், என்னைப் போல அடுத்தவர் செட்டை வெட்டி ஆடியவரும் முதல் வாரமே நீளத்தையும் லையையும் பார்த்துவிட வேண்டும்.

வெட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிட்டர்கள் லாஃப்டைப் பேசும் அளவுக்கு பவுன்ஸைப் பேசுவதில்லை. அடிப்பாகத்தின் வயிற்றுச் சாய்வு அது. மே மாதச் சென்னைத் தரை சிமென்ட் போல இருக்கும். பவுன்ஸ் அதிகமான வெட்ஜ் அதில் துள்ளிப் பந்தின் நடுவயிற்றில் அடிக்கும். இங்கே 6, 8 டிகிரி போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே வெட்ஜ் தரைக்குள் புதையும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பந்தைக் குழிக்கு உருட்டும் புட்டருக்கும் அளவெடுப்பவர்கள் உண்டு. கண் பந்துக்கு நேர் மேலே வருகிற நீளம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு என் 34 அங்குலத்தையே தொடர்கிறேன்.

நான் கடைசியில் செய்தது இது, தோள்வலிக்காரர்களுக்குச் சொன்ன அறிவுரையை நானே மீறித்தான். ஐயன்களில் துருப்பிடித்த 5-ஐத் தூக்கிப் போட்டேன். மற்றவற்றுக்கு ஒரு அங்குலம் நீட்டிப்பு, புது கிரிப், 9 ஐயனிலும் வெட்ஜிலும் ஒரு டிகிரி நிமிர்வு. கிரிப் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குள், கூலி தனி. நல்ல ஹோட்டலில் குடும்பத்தோடு இரண்டு முறை சாப்பிடுகிற செலவில் முடிந்தது. கைமாறிய டிரைவர் ஒன்று, 12 டிகிரி. லாஃப்டைக் கூட்டும் பக்கம் திருகினால் முகமும் கொஞ்சம் மூடும் என்பதால் என் வலப்பக்க வியாதிக்கு அதுவே அரை மருந்தாயிற்று. ஸ்டீல் இன்னும் கனம்தான், தோள் அவ்வப்போது ஞாபகப்படுத்துகிறது. ஆகவே மழை முடிந்து ஜனவரியில் தனி ஃபிட்டரிடம் ஐயன்களுக்கு மட்டும் மூன்றாவது முறை போகப்போகிறேன். இரண்டாம் முறை வந்த எண்களை ஒட்டியே இந்த முறையும் நின்றால் வாங்குவேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கோடைக்குப் பிறகு.

கேடி இப்போது நிற்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. "பந்து நேராத்தான் மேடம் போகுது. ஆனா புட்டிங்ல குழி வரைக்கும் போகவே மாட்டேங்குதே?" என்கிறார். அந்த 34 அங்குலத்தை யாராவது அளந்து பார்க்கச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.